தோட்டத்து வீட்டில் பெரியக்கா

போன கிழமை நாங்கள் எல்லோரும் கூடியிருந்தபோது, பேச்சு எங்கெங்கோ சுற்றிக் கடைசியில் எங்கள் முழங்கால்களில் வந்து நின்றதே, ஞாபகம் இருக்கிறதா? ஒருத்தி குளியலறைச் சுவரில் கைபிடி பூட்டிவிட்டாள். இன்னொருத்தியின் மகன் கனடாவிலிருந்து ஒவ்வொரு நாளும் போன் எடுத்து, "இனி உங்களாலை தனிய இருக்க ஏலாதம்மா, வந்திடுங்கோ" என்கிறானாம். "கை கால் நல்லாய் இருக்குமட்டும்தான் தனிய இருக்கலாம். பிறகு ஆரின்ரையோ வீட்டுப் பின் அறைதான்" என்று நம்மில் ஒருத்தி சொன்னாள். எல்லோரும் தலையாட்டினீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டீர்கள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

என் பெரியக்காவை உங்களுக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேருக்குப் பள்ளிக்கூடச் சட்டையும் பிறகு கலியாணச் சட்டையும் தைத்துத் தந்தவள். நீர்வேலியில், வாழைத்தோட்டத்து ஓரத்தில், தன் வீட்டில் தன்பாட்டில் இருக்கிறவளாகத்தான் நீங்கள் அவளைக் கண்டிருக்கிறீர்கள். அந்த வீடு அவளுக்கு எப்படி வந்தது என்று நீங்கள் கேட்டதுமில்லை, நான் சொன்னதுமில்லை. எனக்குப் பத்து வயதாக இருந்த ஒரு தை மாதத்தில் தொடங்கியது அது. சித்திரையில் முடிந்தது.

பெரியக்காவுக்குக் குழந்தையிலேயே இளம்பிள்ளைவாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப்போயின. கைகள் மட்டும் நல்ல பலம். நிலத்தில் இருந்தபடி கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கி வைத்து வீடு முழுக்க நகர்வாள். வாசற்படி வந்தால் அவ்வளவுதான். படி இறங்க யாராவது தூக்கவேண்டும். தூக்குகிறவர் எங்கள் தகப்பனார், ஐயா. மற்றதெல்லாம் நான். தண்ணீர்ச் செம்பு, சீப்பு, நூற்கட்டை, அவள் வெளிக்குப் போவதற்கான பாத்திரம், எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கூப்பிடுவாள். தோட்டத்தில் குலை வெட்டுகிற நாட்களில் அம்மாவும் ஐயாவோடு போய்விடுவதால், நான் பள்ளிக்கூடம் போகாமல் அவளோடு நிற்பேன். ஊரில் என்னைப் "பெரியக்காவின்ரை கால்" என்றுதான் சொல்வார்கள். எனக்கு அது பெரிய பட்டம். வகுப்பில் கணக்கு விளங்காமல் முழுசுவதெல்லாம் எனக்கு ஒரு பொருட்டாக இருக்கவில்லை.

அவளிடம் ஒரு கைத் தையல் மெஷின் இருந்தது. மிதிக்கிற மெஷின் அவளுக்கு உதவாது என்று மாமா எங்கோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்தது. வலது கையால் சுற்றி இடது கையால் துணியைத் தள்ளுவாள். மெஷின் எண்ணெயும் புதுத் துணியின் கஞ்சியும் கலந்த ஒரு வாசம் அவளுடைய மூலையில் எப்போதும் இருக்கும். அந்த மெஷினின் சத்தம் எங்கள் வீட்டின் மூச்சுப்போல. ஓடிக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் கேட்காது. நின்றால்தான் திரும்பிப் பார்ப்போம்.

அந்தத் தையில் அது நின்றது. சின்னக்காவுக்குக் கலியாணம் பேசி மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். வீடு சின்னக்காவுக்குச் சீதனம் என்று முடிவாகியிருந்தது. தேத்தண்ணீர் குடித்து முடித்தபின் மாப்பிள்ளையின் தாய் மெல்லக் கேட்டார்: "மூத்தவ பிறகு எங்கை இருப்பா?"

ஐயா உடனே சொன்னார்: "அவளாலை உங்களுக்கு ஒரு கரைச்சலும் வராது. பின் அறையிலை இருப்பள். கடைக்குட்டி பாத்துக்கொள்ளுவள்."

மெஷின் நின்றுவிட்டது. நான் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். பெரியக்கா கைபிடியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். அழவில்லை. பெரிய சட்டை ஒன்றை எங்கே வெட்டுவது என்று யோசிக்கும்போது அவள் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது.

அவர்கள் போன பிறகு, ஐயா கைகழுவிச் சாப்பிட இருந்தபோது அவள் சொன்னாள்: "ஐயா, நான் பின் அறைக்குப் போகேல்லை. தோட்டத்து வீட்டை எனக்குத் தாங்கோ."

ஐயா சிரித்தார். "உரப்பையும் வாழைக்குலையும் கிடக்கிற இடம். அதிலை போய் என்ன செய்யப்போறாய்?"

"இருக்கப்போறன்."

"ஆரோடை?"

"தனிய."

ஐயாவின் கை சோற்றில் நின்றது. "உனக்கு விசரே? சனம் என்ன சொல்லும்? இளையவளுக்கு வீட்டைக் குடுத்துப்போட்டுக் காலேலாத பிள்ளையைத் தோட்டத்துக்குக் கலைச்சுப்போட்டான் எண்டு காறித் துப்பும்."

"நான்தான் கேட்டனான் எண்டு சனத்துக்கு நான் சொல்லுறன்."

"ஆர் தண்ணி அள்ளித் தாறது? கக்கூசுக்கு ஆர் தூக்கிக்கொண்டு போறது? விழுந்து கிடந்தால் ஆருக்குத் தெரியும்?"

"எனக்கும் அதுதான் யோசினை ஐயா. கனகாலமாய் அதைத்தான் யோசிச்சுக்கொண்டிருக்கிறன். இந்த வயதிலை கக்கூசுக்குப் போக ஆளைக் கூப்பிடுறது எனக்கு எவ்வளவு வெக்கம் எண்டு உங்களுக்குத் தெரியுமோ? முதல் அதைக் கட்டவேணும். மற்றதுகளை நான் ஊராக்களோடை கதைக்கிறன்."

அம்மா அழத் தொடங்கிவிட்டா. "சரி பிள்ளை, போறதெண்டால் கடைக்குட்டியையும் கூட்டிக்கொண்டு போ. அவள் உன்னோடை இருக்கட்டும்."

"அவள் வந்தால் நான் போகமாட்டன்" என்றாள் பெரியக்கா.

எனக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போல இருந்தது. அத்தனை நாள் நான் தூக்கிய செம்பும் எடுத்த நூற்கட்டையும் இவளுக்கு ஒன்றுமில்லையா? அன்றிலிருந்து அவளோடு கதைக்காமல் விட்டேன். கூப்பிட்டால் போவேன், கேட்டதைக் கொடுப்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஒரு மத்தியானம் அவள் என் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள்.

"என்னடி கோவம்?"

"நான் வேண்டாமெண்டு சொன்னனியெல்லே."

அவள் ஊசியில் நூலைக் கோத்து முடிச்சுப் போட்டுவிட்டுத்தான் பேசினாள். "நீ என்ரை காலாய் இருந்தால், உன்ரை காலாலை ஆர் நடக்கிறது?"

எனக்கு அப்போது அது விளங்கவில்லை. கோபமும் போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வி மட்டும் மறக்கவில்லை.

'இந்தக் கதை இனி இந்த வீட்டில் வேண்டாம்' என்று ஐயா சொல்லிவிட்டார். பெரியக்காவும் வீட்டில் கதைக்கவில்லை. துணி தைக்கக் கொடுக்க வருகிறவர்களோடு கதைத்தாள். எங்கள் தோட்டக் கிணறு பங்குக் கிணறு. ஐயாவோடு இன்னும் மூன்று குடும்பங்கள் முறை வைத்துத் தண்ணீர் மெஷின் பூட்டி இறைப்பார்கள். தண்ணீர் முதலில் ஒரு சீமெந்துத் தொட்டியில் விழுந்து, அங்கிருந்து வாய்க்காலில் வாழைகளுக்கு ஓடும். அந்தத் தொட்டி தோட்டத்து வீட்டின் பின்பக்கத்தில் இருந்தது. பங்குக்காரரின் மனைவிமார் சட்டை அளவு கொடுக்க வந்தபோது, பெரியக்கா ஒவ்வொருவரிடமும் கேட்டது இவ்வளவுதான்: "உங்கடை முறையண்டு மெஷினை நிப்பாட்ட முதல், தொட்டியை அடைச்சு நிரப்பிவிடச் சொல்லுவியளோ? மிச்சத்தை நான் அள்ளுவன்."

"உதுதானோ? வேறை ஒண்டும் வேண்டாமோ?" என்று அவர்கள் ஆச்சரியப்பட்டார்கள்.

இப்படியே ஒவ்வொருவரிடமும் ஒவ்வொன்று கேட்டாள். பங்குக்காரரில் ஒருவர் மேசன் வேலை செய்கிறவர். அவரிடம், இரண்டு பக்கமும் கைபிடிக் கட்டு வைத்து, தாழ்வாக ஒரு கக்கூசு. மரவேலை செய்யும் ஓடாவியாரிடம், இரும்புச் சில்லுப் பூட்டிய ஒரு இருக்கைப் பலகையும், நிலத்தில் இருந்து எட்டக்கூடிய உயரத்தில் கதவுத் தாழ்ப்பாளும். வாசிகசாலை இளைஞர்களிடம், அந்தப் பலகை உருளக்கூடியதாக ஒழுங்கைப் பாதையில் கல் போட்டு இறுக்கித் தரும்படி. ஒருவரிடமும் அவள் சும்மா கேட்கவில்லை. பதிலுக்கு அவரவர் பிள்ளைகளின் உடுப்பைத் தைத்துக் கொடுத்தாள். தோட்டத்து வீட்டுக்கு முன்னால் குடியிருந்த எதிர்வீட்டு மாமியிடம் மட்டும் வேறு மாதிரிக் கேட்டாள்: "மாமி, நான் கூப்பிட்டால் உங்களுக்குக் கேக்குமோ?"

"எனக்குக் காது நல்லாய்க் கேக்கும். வாய்தான் கூட" என்றா மாமி.

மாசியில் ஒரு பின்னேரம் பங்குக்காரர் மூவரும் ஐயாவிடம் வந்தார்கள். அவள் எட்டி அள்ளக்கூடியதாகத் தொட்டி விளிம்பை ஒரு பக்கம் வெட்டித் தாழ்த்தவேண்டும், அது பங்குச் சொத்து என்பதால் அவருடைய சம்மதம் வேண்டும் என்றார்கள். ஐயாவுக்கு முகம் கறுத்துவிட்டது.

"என்ரை பிள்ளைக்கு நீங்கள் தண்ணி விடப்போறியளோ? நான் செத்துப்போனனோ?"

மேசன் வேலை செய்கிறவர் நிலத்தைப் பார்த்தபடி சொன்னார்: "அண்ணை, கோவிக்காதேங்கோ. உங்கடை பிள்ளை எங்களைக் கேட்டவள். நாங்கள் ஓம் எண்டிட்டம். இனி எப்பிடி இல்லையெண்டு சொல்லுறது?"

ஐயா தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். பிறகு, "என்னவும் செய்யுங்கோ. ஆனால் நான் அந்த வீட்டு வேலிப் படலைக்குள்ளை கால் வைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அவரை அப்போது நான் கல்நெஞ்சன் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், ஒவ்வொரு நாளும் அவளைத் தூக்கியவர் அவர். அந்தத் தூக்குவதுதான் பாசம் என்று நினைத்திருந்த மனிதரிடம் போய், இனித் தூக்கவேண்டாம் என்றால் அவர் என்ன செய்வார்? என்னைப் போலத்தான் அவரும் நொந்திருக்கிறார். பத்து வயதில் நான் முகத்தைத் திருப்பினேன். தன் வயதுக்கு அவர் சபதம் போட்டார்.

பங்குனியில் அளவெட்டியிலிருந்து மேளம் வந்து சின்னக்காவின் கலியாணம் நடந்தது. அது முடிந்து சில நாட்களில் பெரியக்கா புறப்பட்டாள். தூக்கவேண்டாம் என்றாள். எங்கள் வாசற்படியில் ஒரு பலகையைச் சரிவாக வைத்து அதால் தானே இறங்கினாள். அந்தச் சரிவுப் பலகையை அவ்வளவு காலமும் நாங்கள் ஒருவரும் நினைக்கவில்லையே என்று இன்றைக்கும் எனக்கு அதிசயமாக இருக்கிறது. ஒழுங்கை முழுக்கச் சில்லின் கடகடச் சத்தத்தோடு, இரண்டு கைகளிலும் பழைய துணி சுற்றி, நிலத்தை உந்தி உந்திப் போனாள். நான் மெஷினைச் சுமந்த மாமாவுக்குப் பின்னால் நடந்தேன். வேலிகளுக்கு மேலால் சனம் எட்டிப் பார்த்தது. "எங்கை பிள்ளை போறாய்?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், "என்ரை வீட்டுக்கு" என்று சொல்லிக்கொண்டே போனாள்.

முதல் கிழமை பெரிய கூத்து. காலையில் ஒரு வீட்டிலிருந்து பிட்டு வரும், இன்னொரு வீட்டிலிருந்து இடியப்பம் வரும். மூன்றாவது ஆள் வந்து முற்றம் கூட்டும். நான்காவது ஆள் பக்கத்தில் குந்தியிருந்து, "என்ன பாவம் செய்தியோ பிள்ளை" என்று மூக்கைச் சிந்தும். அடுப்பு மூட்டவே அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. எல்லோருக்கும் மேலாக எதிர்வீட்டு மாமி. ஒருநாள் பெரியக்கா பின்னால் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது, மாமி வந்து குசினியைத் துடைத்துத் துப்புரவாக்கி, நிலத்தில் இருந்த உப்பு, தூள், அரிசித் தகரப் பேணிகள் எல்லாவற்றையும் எறும்பு வராதபடி மேல் தட்டில் வரிசையாக அடுக்கிவைத்துவிட்டுப் போய்விட்டா. நான் பள்ளிக்கூடம் விட்டுப் போய்ப் பார்க்கிறேன், பெரியக்கா வெறும் அடுப்புக்கு முன்னால் இருந்து மேல் தட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"நான் எடுத்துத் தாறன்" என்று ஓடினேன்.

"பொறு. மாமியைக் கூட்டிக்கொண்டு வா."

மாமி முகம் மலர வந்தா. நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்திருப்பா.

"மாமி, உதை எல்லாத்தையும் பழையபடி கீழை வையுங்கோ. எனக்கு உதவி செய்யிறதெண்டால், என்னைக் கேட்டுட்டுச் செய்யுங்கோ."

மாமிக்கு மூக்கு விடைத்துவிட்டது. எல்லாவற்றையும் டக் டக்கென்று கீழே வைத்தா. "நல்லதுக்குக் காலமில்லை" என்று முணுமுணுத்துக்கொண்டு போனா. சில நாட்கள் அந்தப் பக்கம் தலை காட்டவில்லை. மற்றவர்களும் குறைந்தார்கள். பெரியக்கா முதன்முதலாகத் தன் சோற்றைத் தானே சமைத்தாள். குருநகரிலிருந்து சைக்கிளில் வரும் மீன்காரர் படலையில் நின்று கூவ, பலகையில் உருண்டு போனாள். அவர் பெட்டியை நிலத்தில் இறக்கி வைத்தார். செவுளை விரித்துப் பார்த்து, "இது நேத்தையான்" என்று ஒன்றைத் தள்ளினாள், இன்னொன்றை எடுத்தாள், பிறகு அதையும் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தாள். அதுவரை அம்மா வாங்கியதைத்தான் அவள் தின்றிருக்கிறாள். தன் மீனைத் தானே தெரிந்து வாங்கிய அந்த நாளில் அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள். கறியில் உப்புக் கூடிவிட்டது. இரண்டு பேரும் தின்று முடித்தோம்.

பிறகு ஒருநாள் அவள் விழுந்தாள். தொட்டியடியில் ஈரச் சீமெந்தில் சில்லு வழுக்கி, பலகை ஒரு பக்கம் ஓட அவள் மற்றப் பக்கம் சேற்றில் கிடந்தாள். ஆபத்துக்கென்று மாமி வீட்டு வேலியில் கல் போட்ட தகரப் பேணி ஒன்றைக் கட்டி, அதன் கயிறை இவள் யன்னல் வரை இழுத்திருந்தார்கள். யன்னல் எட்டாத தூரத்தில் இருந்தது. வாயால்தான் கூப்பிட்டிருக்கிறாள். நான் புத்தகங்களோடு ஒழுங்கையால் வந்துகொண்டிருந்தேன். சத்தம் கேட்டு ஓடினேன். எனக்கு முன்னால் மாமி அங்கே நின்றா. ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை. ஆனால் தொடவில்லை. இடுப்பில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு கேட்டா:

"தூக்கவோ, வேண்டாமோ? கேட்டுட்டுச் செய்யச் சொன்னனியெல்லே. இப்ப கேக்கிறன்."

சேற்றில் கிடந்தபடி பெரியக்கா சிரிக்கத் தொடங்கினாள். மாமியும் சிரித்தா. எனக்கு மட்டும் அழுகை.

"தூக்கவேண்டாம் மாமி. அந்தப் பலகையைக் கொண்டுவந்து, ஓடாமல் இறுக்கிப் பிடியுங்கோ. நான் ஏறுறன்."

மாமி பலகையைக் காலால் அணை கொடுத்துப் பிடித்தா. பெரியக்கா கைகளை ஊன்றி ஏறினாள். அன்று பின்னேரமே கயிறு தொட்டியடிக்கும் இழுக்கப்பட்டு, நிலத்தில் கிடந்தாலும் கைக்கு எட்டுமாறு தாழ்த்திக் கட்டப்பட்டது. ஓடாவியார் பலகைக்கு ஒரு தடைக்கட்டை பூட்டினார். அதற்குப் பிறகு மாமியைப் போல அவளுக்கு ஒத்தாசையாக இருந்தவர் வேறு யாருமில்லை.

எனக்கு என்ன நடந்தது என்று கேட்பீர்கள். நான் ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போனேன். முதலில் பாரமாக இருந்தது. யாரும் கூப்பிடாத காலைகளில் கையும் காலும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றிருக்கிறேன். பிறகு கணக்கு விளங்கத் தொடங்கியது. நான் ரீச்சராகிப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றது உங்களுக்குத் தெரிந்த கதை. சண்டைக் காலத்துப் பெரிய இடப்பெயர்வில் ஊரே வெளிக்கிட்டபோது, ஒழுங்கைக்காரர் தங்கள் மூட்டைகளைக் கட்ட முதல் அவளுடைய படலைக்கு வந்து, "எப்பிடிக் கொண்டுபோறது, சொல்லு" என்று கேட்டார்கள். மெஷினை மடியில் வைத்துக்கொண்டு உழவு இயந்திரப் பெட்டியில் போனாள். திரும்பி வந்தபோது கூரை இல்லை. அதைப் போட்டுக்கொடுத்தவர்களில் அந்தப் பங்குக்காரரின் பிள்ளைகளும் இருந்தார்கள். இப்போது கண் பார்வை மங்கி, கைகளிலும் பழைய பலம் இல்லை. முன்பு ஒன்று கேட்டவள் இப்போது நான்கு கேட்கிறாள். காலையில் ஒரு பெண்பிள்ளை வந்து குளிக்க உதவுகிறாள். ஆனால் என்ன சமைப்பது, எப்போது கதவு பூட்டுவது என்பதெல்லாம் இன்றைக்கும் அவள் சொல்வதுதான்.

ஐயாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவள் போன புதிதில் அவர் சொன்னபடியே படலைக்குள் வரவில்லை. ஆனால் தன் இறைப்பு முறையன்று, மெஷினை நிறுத்த முதல் தொட்டியை அடைத்து நிரப்புவார். மற்றவர்கள் விளிம்புக்கு ஒரு சாண் குறையவே விடுவார்கள். அவர் வழிய வழிய விடுவார். வீட்டுப் பக்கம் திரும்பிப் பாராமல் போய்விடுவார்.

அந்த வருஷச் சித்திரை விடுமுறையில் ஒருநாள் நான் பெரியக்கா வீட்டில் நின்றேன். ஐயாவின் முறை. மெஷின் நின்ற சத்தம் கேட்டது. வாய்க்காலில் தண்ணீர் வடிகிற சத்தமும் கேட்டது. தொட்டியடியிலிருந்து பின்கதவுக்கு நாலு எட்டுத்தான். அந்தக் காணி அவருடையது, அந்த வீட்டைக் கட்டியவரும் அவர்தான். அவர் பின்கதவால் வரவில்லை. மண்வெட்டியைத் தோட்டத்தில் வைத்துவிட்டு, வேலியைச் சுற்றி ஒழுங்கைக்கு வந்து, படலைக்கு வெளியே நின்று, ஊரில் பிறத்தியார் கூப்பிடுகிற மாதிரி, "வீட்டுக்காரர்!" என்று கூப்பிட்டார்.

நான் எழும்ப, பெரியக்கா கையைக் காட்டி இருக்கச் சொன்னாள்.

"ஓம், வாறன்" என்று குரல் கொடுத்தாள். பலகையில் ஏறி முற்றத்தைக் கடந்துபோய்ப் படலையைத் திறந்தாள். "வாங்கோ ஐயா."

அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். கதிரை இல்லாததால் தயங்கி நின்று, பிறகு பாயில் இருந்தார். வீட்டில் எல்லாமே கீழே இருப்பதை, தாழ்ப்பாளை, அடுப்பை, நிலத்தோடு ஒட்டின தட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். அவள் கேத்தலை வைத்து, தேயிலை போட்டு, சீனிப் பேணியை எட்டி எடுத்தாள். கேத்தலைத் தூக்கும்போது ஐயாவின் இரண்டு கைகளும் தாமாக முன்னுக்குப் போயின.

"நான் பிடிக்கவோ பிள்ளை?"

"வேண்டாம் ஐயா. நீங்கள் இருங்கோ."

கைகளை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார். அவள் ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணீரை ஒவ்வொரு மிடறாகக் குடித்தார். சீனி போதுமோ என்று அவள் கேட்டாள். காணும் என்றார். குலைகள் இந்த முறை பெருத்திருக்கின்றன என்றார், சின்னக்கா சுகமாக இருக்கிறாள் என்றார். எழும்பிப் "போட்டு வாறன்" என்று சொல்ல, அவள் படலைவரை கூடவே உருண்டு போனாள்.

"அடுத்த முறை வரேக்கை அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ ஐயா."

"ஓம் பிள்ளை" என்றார் அவர். அடுத்த முறை வரை அவரால் பொறுத்திருக்க முடியவில்லை. அன்று பின்னேரமே வேட்டி மாற்றி, நெற்றி நிறைய நீறு பூசி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்து, படலைக்கு வெளியே நின்று கூப்பிட்டார்.